வழுக்கியாற்று மீனின் தசையில் காபனும் நைதரசனும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கியாறு ஒன்றுதான். அதுவும் மாரி மழைக்குத்தான் ஓடும். தெல்லிப்பழைப் பக்கமிருந்து குளங்களையும் வயல்களையும் தொட்டுக்கொண்டு வந்து அராலியில் கடனீரேரியைச் சேர்கிறது. அந்தக் கொஞ்சக் காலத்துக்குள் அங்கே எது எதைத் தின்று வளர்கிறது என்பதை நிலையான சமதானிகளை (ஒரே மூலகத்தின், நிறையில் மட்டும் வேறுபடுகிற, கதிர்வீசாத அணுக்களை) வைத்துப் பார்ப்பதுதான் என் ஆய்வு. இதே வேலையில் இறங்கப்போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தின்றது உடம்பில் சேர்கிறது. முறையின் அடிப்படை அவ்வளவுதான். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது நைதரசன்-15 இன் அளவு சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 கூடும். காபன்-13 பெரிதாக மாறாது. ஆகவே விரால் எத்தனையாவது படியில் நிற்கிறது என்பதை நைதரசன் சொல்லும், அந்தச் சாப்பாடு முதலில் எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதைக் காபன் சொல்லும். இங்கே வரும் எண்களெல்லாம், ஒரு நியமப் பொருளோடு ஒப்பிட்டால் அந்தப் பாரமான சமதானி ஆயிரத்துக்கு எவ்வளவு கூட அல்லது குறைய என்பதைச் சொல்பவை. நெல்லும் பனையும் காபனில் −28 ஐ ஒட்டி இருக்கும். அறுகும் கோரையும் ஒளித்தொகுப்புச் செய்யும் வழி வேறு, அதனால் −13 ஐ ஒட்டி வரும். அல்காவுக்கு இப்படி ஒரு நிலையான எண் கிடையாது. நீரில் கரைந்திருக்கும் காபனைப் பொறுத்து அது மாறும், ஒவ்வோர் இடத்திலும் அளந்தே ஆகவேண்டும்.

எங்கள் மண்ணில் கூடுதல் கவனம் வேண்டியது சுண்ணாம்புக்கல்லில்தான். கடலில் உருவான சுண்ணாம்புக்கல்லின் காபன் அளவு பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கும். நத்தை ஓட்டின் ஒரு துணுக்கு தசையோடு கலந்தாலும், கல் மீது சுரண்டிய அல்காவோடு சுண்ணாம்புத் தூள் வந்தாலும் முடிவு அந்தப் பக்கம் இழுபட்டுவிடும். அதற்காக ஐதரோகுளோரிக் அமிலப் புகையில் வைத்துச் சுண்ணாம்பை நீக்குவோம். ஆனால் அமிலம் நைதரசன் அளவைக் குழப்பக்கூடும். எனவே மாதிரியை இரண்டாகப் பிரித்து, அமிலம் பட்டதைக் காபனுக்கும் படாததை நைதரசனுக்கும் அனுப்பினோம். செலவு இரட்டிப்புத்தான், ஆனாலும் இங்கே இதைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மீனை ஃபோர்மலினில் போடும் பழக்கத்தை இதற்கு விட்டுவிடுங்கள்; அது காபன் அளவை மாற்றும். ஐஸில் கொண்டுவந்து உறைய வைத்தால் போதும். மீனில் முதுகுப் பக்க வெள்ளைத் தசை. நத்தையைச் சுத்தமான தண்ணீரில் ஓர் இரவு விட்டுக் குடல் வெறுமையானபின் சதையை எடுக்க வேண்டும். பிறகு 60 பாகையில் நன்றாகக் காயவைத்து மாவாக அரைத்து, வெள்ளீயச் சிமிழில் நிறுத்து மடிக்க வேண்டும். விலங்கென்றால் ஏறத்தாழ 1 மில்லிகிராம், இலையென்றால் 2, 3. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சைக்கூட அடக்கிச் செய்கிற வேலை. அவசரப்படுகிறவர்களிடம் தராசைக் கொடுக்காதீர்கள்.

மாதிரிகள் அளக்கப்பட்டது வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில். உயிரின மாதிரிகளை நாட்டுக்கு வெளியே அனுப்ப வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. அந்த விண்ணப்பத்தை மழை தொடங்குமுன்பே போட்டுவிடுவது நல்லது.

வயல்கரையில் ஒரு ஐயா கேட்டார்: "பிள்ளை, உந்த நத்தையை வைச்சு என்ன செய்யப் போறியள்?" சொன்னேன். உடனே எந்தத் துண்டுக்கு யூரியா போட்டவை, எதற்கு மாட்டெரு போட்டவை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய அந்தப் பேச்சு என் குறிப்பேட்டின் மிகப் பெறுமதியான பக்கமாகிவிட்டது. யூரியாவின் நைதரசன் காற்றிலிருந்து வந்தது, அதன் அளவு பூச்சியத்தை ஒட்டியது. எருவிலும் மலக்குழிக் கசிவிலும் அது 10 க்கு மேலும் போகும். குடாநாட்டு நிலத்தடி நீரில் இரண்டின் நைத்திரேற்றும் கலந்திருக்கிறது. அதனால் குடிமனைப் பக்கத்துத் திலாப்பியாவின் நைதரசன் கூடுதலாக இருந்தால் அது மேல்படிக்கு ஏறிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. அங்கேயே மேயும் நத்தையை அளந்து, அதை இரண்டாம் படியாக வைத்து, மீனுக்கும் நத்தைக்கும் உள்ள வித்தியாசத்தை 3.4 ஆல் பிரித்து 2 ஐக் கூட்டினால்தான் மீனின் படி தெரியும். மீனை மட்டும் பிடித்து அனுப்பிய அட்டவணையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று, ஆறு ஓடும் காலம் குறுகியது. தசை புதுச் சாப்பாட்டுக்கு மாற வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். முதல் வெள்ளத்தில் பிடிபடும் விராலின் தசை பழைய குளத்துச் சாப்பாட்டைத்தான் காட்டும். ஆகவே மழைக்கு முன்பே குளங்களில் எஞ்சியிருக்கும் மீன்களிலும் மாதிரி எடுங்கள். அப்புறம் ஓட்டம் அடங்கும் நேரத்தில், அதே இனத்தில், ஏறத்தாழ அதே அளவு மீன்களில் மீண்டும் எடுங்கள். அந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் ஆறு கொடுத்த பங்கு தெரியவரும்.