அல்சூரில் 50 மில்லி

பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறும்போது என் பையில், காலுறைக்குள் சுருட்டி வைத்த ஒரு குட்டி விஸ்கி பாட்டில் இருந்தது. 50 மில்லி. நம்மூர்க் கணக்கில் கட்டிங் என்றாலே 90; இது ஒரு லார்ஜுக்குக்கூடப் பத்து மில்லி குறைவு. இதைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கா என்று வீட்டில் சிரித்தார்கள்.

பார்க்கப் போனது நண்பனின் பெரியப்பாவை. கண்டோன்மென்டில் இறங்கி ஆட்டோ பிடித்தால் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. ஆட்டோ பேரத்தைப் பற்றி எழுதினால் தனிப் பதிவாகிவிடும், விடுங்கள்.

கூடத்தில் கண்ணாடி அலமாரி. மேல்தட்டில் பெரியம்மாவின் கொலு பொம்மைகள். கீழே மூன்று தட்டுகளில் பெரியப்பாவின் பாட்டில்கள், எல்லாம் விரல் நீளம். வெயில் பட்டால் லேபிள் வெளுத்துவிடும் என்று பழைய வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டியிருக்கிறார்.

இவர் சேர்ப்பது விஸ்கி காய்ச்சும் ஆலைக்காரர்களே போட்ட பாட்டில் அல்ல. ஆலையிலிருந்து பீப்பாயாக வாங்கி, முதிர வைத்து, தங்கள் பெயரில் பாட்டிலில் அடைக்கும் கடைக்காரர்களுடையது மட்டும். ஸ்காட்லாந்தில் 1842இல் அபர்டீனில் ஆரம்பித்த கேடன்ஹெட், 1895இல் எல்ஜினில் மளிகைக் கடையாகத் தொடங்கிய கார்டன் அண்ட் மெக்ஃபைல், 1988இல் வந்த சிக்னேட்டரி. "நம்ம மளிகைக்கடைக்காரர் தஞ்சாவூர் அரிசியை மூட்டையா வாங்கி, பழசாக்கி, தன் பேர்ல வித்தா எப்படி? அதுதான்" என்றார். அந்தக் காலத்தில் பல ஆலைகளின் சரக்கு முழுக்க பிளெண்டுக்கே, அதாவது பல ஆலைச் சரக்கைக் கலந்து செய்யும் விஸ்கிக்கே, போய்விடும். தனியாகச் சுவைக்க இவர்கள் பாட்டில்தான் வழி.

ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கார்டன் அண்ட் மெக்ஃபைலின் கானசர்ஸ் சாய்ஸ் வரிசையில் வந்த போர்ட் எல்லன். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் இருக்கும் அந்த ஆலை 1983இல் மூடி, 2024இல்தான் மறுபடி திறந்தது. "புதுசு புதுசுதான். பழைய சட்டியில காய்ச்சினது இதுல இருக்கு."

பாட்டிலின் பின்பக்கம் ஒரு காகிதத் துண்டு ஒட்டி, அதில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், பக்கத்தில் வருடம். சரக்கு எவ்வளவு இறங்கியது என்ற கணக்கு. குட்டி மூடிகளின் உள்வட்டு காய்ந்து சுருங்கினால் ஆவி கசியும். பீப்பாயில் ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு இரண்டு சதவீதம் போல ஆவியாகும், இந்த ஊர்ச் சூட்டில், இங்கேயே விஸ்கி காய்ச்சும் அம்ருத் ஆலையின் பீப்பாயில் 10, 12 வரை போகும் என்றார். இருக்கட்டும், பீப்பாயில் போவதற்கு ருசியாவது கிடைக்கிறது. மூடி வழியே போவது வெறும் நஷ்டம்.

சரி என்று காலுறையைப் பிரித்து என் சிக்னேட்டரியை நீட்டினேன். லண்டனிலிருந்து அத்தை மகன் கொண்டுவந்தது. அவர் சேகரிப்புக்குப் பரிசு. டியூப்லைட்டில் தூக்கிப் பார்த்தார்.

"தோள் வரைக்கும் இறங்கிடுச்சே. படுக்க வெச்சியாப்பா?"

இரண்டு வருடம், சென்னை வெயிலில், பீரோ மேல், படுக்கையாக. ஒயினைத்தான் அப்படி வைக்க வேண்டும் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. விஸ்கி எப்போதும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் மூடியின் வட்டை அரித்துவிடும்.

"இனி இது தாங்காது. திறந்துடுவோம்" என்று எவர்சில்வர் காபி டம்ளர்கள் இரண்டு எடுத்து வந்தார். ஆளுக்கு ஒரு வாய்தான் தேறியது. மணம் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் நாக்கில் தேன் மாதிரி ஒன்று நின்றது. உள்ளேயிருந்து பெரியம்மா, "சாப்பாட்டுக்கு முன்னாடியேவா?" என்று குரல் கொடுத்தார்.

காலி பாட்டிலை மூக்கருகே வைத்து இன்னொரு முறை முகர்ந்துவிட்டு, ஈரம் படாமல் லேபிளைத் துடைத்தார். "லேபிள் நல்லா இருக்கு. இத நான் வெச்சுக்கட்டுமா?"