12 லட்சம் எங்க போச்சுன்னு மாமா கேட்டாரு

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப மாமா ஒரு பைலைத் தூக்கிட்டு வந்து என் மடியில போட்டாரு. நாமக்கல் பக்கம் லாரிக்காரங்க வீட்டுல பொறந்தவங்களுக்குத் தெரியும், ஆர்சி புக், இன்சூரன்ஸ், எஃப்சி பேப்பர், டயர் கடை பில்லு எல்லாம் ஒரே பைல்லதான் இருக்கும். அதுக்கு மேல புதுசா ஒரு பேலன்ஸ் ஷீட். பத்து வண்டிக்குள்ள வச்சிருக்கிறவங்க அனுமான வருமானம்னு ஒரு கணக்குல வரி கட்டிட்டுப் போயிடலாம், நம்மூர்ல முக்காவாசிப் பேரு அப்படித்தான். மாமா ரெண்டாவது வண்டிக்கு லோன் கேக்கப் போக, பேங்க்ல முழு கணக்கு கொண்டாங்கன்னு சொல்லிட்டாங்க, அதான் ஆடிட்டர் கிட்ட குடுத்து எழுதி வாங்கியிருக்காரு.

"3 லட்சம் நஷ்டம்னு எழுதியிருக்காரு மாப்ள. தேய்மானம்னு 12 லட்சம் போட்டிருக்காரு பாரு, அந்தக் காசை நான் யாருக்குக் குடுத்தேன்? எவன் வாங்கிட்டுப் போனான்?"

நான் பி.காம். ஆடிட்டர் ஆபீஸ்ல ரெண்டு வருஷம் குப்பை கொட்டினவன். தேய்மானத்துக்கு டெபனிஷன் கேட்டா தூக்கத்துல கூட சொல்லுவேன், ஆனா இந்தக் கேள்விக்கு டக்குனு பதில் வரல. பக்கத்துல உக்காந்திருந்த அத்தை வேற "நகைக் கடையில சேதாரம் போடுவாங்களே அந்த மாதிரியா"ன்னு கேட்டாங்க. இல்லைங்கத்தை, சேதாரத்துக்கு நீங்க அன்னிக்கே காசு எண்ணி வைக்கணும், இதுக்கு யாரும் எண்ணி வைக்கிறதில்லன்னு சொன்னேன். அந்தப் பேச்சு ராத்திரி 11 மணி வரைக்கும் போச்சு, அதைத்தான் இங்க எழுதறேன்.

கணக்கு இதுதான். ஏப்ரல்ல எடுத்த வண்டி, சேசிஸ் எடுத்து பாடி கட்டி ரோட்டுக்கு வரும்போது 40 லட்சம். 8 லட்சம் கையில இருந்து போட்டது, 32 லட்சம் லோன், 10 சதவீத வட்டி, 48 டியூ. மாசம் 81 ஆயிரம் சொச்சம். நல்ல வருஷம், லோடு விடாம ஓடுச்சு. வாடகை வந்ததுல டீசல், டோல், டிரைவர் படி, டயர், இன்சூரன்ஸ், கடைசியா பேங்க் வட்டி எல்லாம் கழிச்சு 9 லட்சம் நின்னுச்சு. வாடகைக்கு ஓடற லாரிக்கு வருமான வரியில 30 சதவீதம் தேய்மானம், 40 லட்சத்துல 12 லட்சம். 9-ல 12 போனா 3 லட்சம் நஷ்டம். ஆடிட்டர் மேல தப்பே இல்ல.

மாமா கேள்விக்கு பதில், வண்டி ஓடினதுக்காக அந்தக் காசு யாருக்கும் போகல, வண்டி எடுத்த அன்னிக்கே ஷோரூம்லயும் பாடி பட்டறையிலயும் போயிடுச்சு. 40 லட்சத்தையும் முதல் வருஷச் செலவா எழுதினா அந்த வருஷம் தலையில இடி விழுந்த மாதிரி இருக்கும், அடுத்த வருஷமெல்லாம் வண்டி சும்மா கிடைச்ச மாதிரி லாபம் கொட்டும், ரெண்டுமே பொய். அதனால வண்டி எத்தனை வருஷம் சம்பாதிச்சுக் குடுக்குதோ அத்தனை வருஷத்து மேலயும் அந்த விலையைப் பிரிச்சு ஏத்தறோம், அவ்வளவுதான் தேய்மானம். பேரைக் கேட்டா வண்டி தேயறதை யாரோ ஸ்கேல் வச்சு அளந்த மாதிரி இருக்கு, யாரும் அளக்கல.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. டியூவுல போற அசல் லாப நஷ்டக் கணக்குலயே வராது. முதல் வருஷம் மாமா கட்டின 9 லட்சத்து 74 ஆயிரத்துல வட்டி 2 லட்சத்து 89 ஆயிரம்தான், மீதி 6 லட்சத்து 85 ஆயிரம் அசல். வட்டி மட்டும் செலவுல ஏறும், அசல் கடன்ல குறையும். அப்ப பாருங்க, கையை விட்டுப் போகாத 12 லட்சம் கணக்குல செலவா நிக்குது, கையை விட்டுப் போன 6.85 லட்சம் செலவுப் பக்கம் எட்டிக்கூட பாக்கல. கணக்குப்படி 3 லட்சம் நஷ்டம், ஆனா ஆரம்பத்துல போட்ட 8 லட்சத்தை விட்டுட்டுப் பாத்தா, எல்லாம் கட்டி முடிச்சு மாமா கையில நின்னது 2 லட்சத்து 15 ஆயிரம். "அட ஆமா, அதுல தான அத்தைக்கு வளையல் வாங்குனேன்"னாரு. அந்த 3 லட்சத்தை வரிக் கணக்குல அடுத்தடுத்த வருஷ லாபத்துல கழிச்சுக்கலாம், தேய்மானத்தால வந்த நஷ்டத்துக்கு இத்தனை வருஷத்துக்குள்ளன்னு கெடு கிடையாதுன்னு சொன்னதும் மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சுது.

அப்புறம் நான் சும்மா இருக்காம இன்னொரு பேப்பர் எடுத்தேன். இதே வண்டி ஒரு கம்பெனி பேர்ல இருந்தா? கம்பெனிச் சட்டம் 2013-ல ரெண்டாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, எந்தச் சொத்துக்கு எத்தனை வருஷ ஆயுசுன்னு அதுல போட்டிருக்கும். வாடகை லாரிக்கு 6, காருக்கு 8, லேப்டாப்புக்கு 3, சர்வருக்கு 6, பர்னிச்சருக்கு 10, பேக்டரி கட்டடத்துக்கு 30. கடைசியில பழைய இரும்பு விலையா 5 சதவீதம் வரைக்கும் விட்டுடலாம். 40 லட்சத்துல 2 லட்சம் விட்டு மீதி 38-ஐ ஆறால வகுத்தா வருஷம் 6 லட்சத்து 33 ஆயிரம். நஷ்டம் போயி 2 லட்சத்து 67 ஆயிரம் லாபம். சரி, நம்ம ரோடு நல்லா இருக்கு, டிரைவர் பதமா ஓட்றவரு, வண்டி 10 வருஷம் தாங்கும்னு ஒருத்தர் முடிவு பண்ணா தேய்மானம் 3.80 லட்சம், லாபம் 5.20 லட்சம். அட்டவணையில இருக்கிற வருஷத்தை விட்டு கம்பெனி வேற வருஷம் போடலாம், ஆனா டெக்னிக்கலா காரணம் காட்டி அதை நோட்ஸ்ல எழுதணும். அதே வண்டி அதே லோடு, லாபம் மட்டும் மூணு விதமா வருது. மாமா சத்தமே காட்டாம பேப்பரை ரெண்டு தடவ திருப்பிப் பாத்தாரு.

ஷேர் வாங்கற நண்பர்கள் நிறைய பேரு பிராபிட்டை மட்டும் பாத்துட்டு ஓடறாங்க, அவங்களுக்காக இங்க கொஞ்சம் நிக்கறேன். ஆனுவல் ரிப்போர்ட்ல நோட்ஸ்னு பொடி எழுத்துல ஒரு காடு இருக்கும், அதுல எந்தச் சொத்துக்கு எத்தனை வருஷம்னு ஒரு டேபிள் இருக்கும், அதைத் தேடிப் படிங்க. போன வருஷ ரிப்போர்ட்டையும் பக்கத்துல வச்சுக்கோங்க, வருஷம் மாறியிருந்தா ஏன்னு கேளுங்க. கூகுளோட தாய்க் கம்பெனி ஆல்பபெட் 2023-ல சர்வருக்கு 4 வருஷம், சில நெட்வொர்க் மெஷினுக்கு 5 வருஷம்னு இருந்ததை 6 ஆக்குச்சு, அந்த ஒரு வருஷத்துல மட்டும் தேய்மானம் 390 கோடி டாலர் குறைஞ்சுது. ஒளிச்சு மறைச்சு பண்ணல, ரிப்போர்ட்லயே எழுதியிருக்காங்க. அமேசான் 2024-ல 5-ஐ 6 ஆக்கிட்டு, 2025-ல ஏஐ வேகத்துல மெஷின் சீக்கிரம் பழசாகுதுன்னு சொல்லி கொஞ்சம் சர்வர்களுக்கு மட்டும் திரும்ப 5-க்கு வந்துட்டாங்க. ஒரே மாதிரி பெட்டியை ரெண்டு பெரிய கம்பெனி ரெண்டு விதமா பாக்குது, ஆக இது அளவு இல்ல, கணிப்பு.

கணிப்பு எங்க திருட்டா மாறும்ங்கிறதுக்கு லாரிக்காரங்க வீட்டுப் பையனா எனக்குப் பிடிச்ச கேஸ் அமெரிக்காவுல வேஸ்ட் மேனேஜ்மென்ட்ங்கிற குப்பை அள்ற கம்பெனி. 1992-ல இருந்து 1997 வரைக்கும், குப்பை லாரிங்களோட ஆயுசை இழுத்து விட்டாங்க, கடைசியில தேறும்னு போடற பழைய இரும்பு விலையையும் ஏத்தி விட்டாங்க, கடைசியில ஒண்ணும் தேறாதுன்னு வச்சிருந்த வேற சாமானுக்குக் கூட திடீர்னு ஒரு விலை போட்டாங்க. குப்பை லாரிங்க, யோசிச்சுப் பாருங்க, அந்தத் தண்ணியும் உப்பும் பட்டு பாடி எப்படி இருக்கும்னு நம்மூர் வெல்டரைக் கேட்டா சொல்லுவாரு. 1998-ல கணக்கைத் திருத்தினப்ப அது வரைக்கும் காட்டின லாபத்துல 170 கோடி டாலர் இல்லாத லாபம்னு ஆச்சு. அதுக்கு ஆடிட் பண்ண ஆர்தர் ஆண்டர்சன் 2001-ல 70 லட்சம் டாலர் அபராதம் கட்டுச்சு.

வேர்ல்ட்காம்ங்கிற அமெரிக்க டெலிபோன் கம்பெனி வேற ரகம். மத்த டெலிபோன் கம்பெனி லைனை உபயோகிக்கறதுக்குக் குடுக்கற கட்டணம் அன்னன்னிக்குச் செலவு, அதைத் தூக்கி சொத்துல போட்டுட்டாங்க. மாமாவுக்கு ஒரே வரியில சொன்னேன், டீசல் பில்லை எல்லாம் வண்டி விலையோட சேத்து எழுதின மாதிரி மாமான்னு. "டீசல் தீந்து புகையா போயிடுச்சேடா, அதை எப்படி வண்டின்னு எழுதறது"ன்னாரு. 2002 ஜூன்ல அவங்க முதல்ல ஒத்துக்கிட்டதே 380 கோடி டாலர், அடுத்த மாசமே திவால்.

அமார்டைசேஷன் வேறயா? இல்ல, அதே சாப்பாடுதான், இலைதான் வேற. கண்ணுக்குத் தெரியற சொத்துக்கு தேய்மானம், கண்ணுக்குத் தெரியாததுக்கு அமார்டைசேஷன், அதாவது லைசென்ஸ், சாப்ட்வேர், பேட்டன்ட் இதெல்லாம். சுலபமான உதாரணம் நம்ம போன் கம்பெனிங்க ஏலத்துல எடுக்கற ஸ்பெக்ட்ரம், 20 வருஷத்துக்கு உரிமை, குடுத்த காசை அந்த வருஷங்க மேல பிரிச்சுப் போடறாங்க. குழப்பம் என்னன்னா மாமாவோட பேங்க் பேப்பர்லயும் அமார்டைசேஷன் ஷெட்யூல்னு ஒண்ணு இருந்துச்சு, அது மாசா மாசம் அசல் எவ்வளவு கரையுதுங்கிற டியூ டேபிள், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, பேரு மட்டும்தான் ஒண்ணு.

கண்ணுக்குத் தெரியாததுல ஒரு ஓரவஞ்சனை உண்டு. ஒரு மசாலா கம்பெனி நாப்பது வருஷம் பாடுபட்டு தானே ஒரு பிராண்டை வளத்தா அது பேலன்ஸ் ஷீட்ல பைசாவுக்கு ஏறாது. அதையே இன்னொருத்தன் விலை குடுத்து வாங்கினா முழு விலையும் ஏறிடும். இந்துஸ்தான் யூனிலீவர் 2020-ல ஹார்லிக்ஸ் பிராண்டை 3,045 கோடி ரூபாய்க்கு வாங்குச்சு, அது சொத்தா நிக்குது. இந்த மாதிரி ஆயுசு இவ்வளவுதான்னு சொல்ல முடியாத பிராண்டை வருஷா வருஷம் பிரிச்சுப் போட மாட்டாங்க, மதிப்பு இறங்கிடுச்சான்னு சோதனை மட்டும் பண்ணுவாங்க. குட்வில், அதாவது ஒரு கம்பெனியை வாங்கறப்ப அதோட சொத்து மதிப்புக்கு மேல குடுக்கற காசு, அதுவும் பெரிய கம்பெனிங்களுக்கான இன்ட் ஏஎஸ்ங்கிற கணக்கு விதியில அப்படித்தான். வருமான வரியில முன்னாடி விலை குடுத்து வாங்கின குட்வில்லுக்குத் தேய்மானம் கிடைச்சுட்டு இருந்துச்சு, 2021 பட்ஜெட்ல அதையும் எடுத்துட்டாங்க.

எபிட்டான்னு ஒண்ணு சொல்லுவாங்க, வட்டி, வரி, தேய்மானம், அமார்டைசேஷன் எல்லாத்துக்கும் முன்னாடி இருக்கிற லாபம். கம்பெனிங்க இதை நெஞ்சுல குத்திக்கிட்டு சுத்தும். என் கேள்வி ஒண்ணுதான், லாரிக்காரன் கிட்ட வந்து "வண்டி விலையை விட்டுட்டுப் பாருங்க, எவ்வளவு லாபம்"னு சொன்னா அவன் சிரிக்க மாட்டானா. இன்னொண்ணு, 2019 ஏப்ரல்ல இருந்து புது லீஸ் விதி வந்ததுல கடை வாடகை, விமான வாடகையில பெரும்பகுதி தேய்மானமாவும் வட்டியாவும் வேஷம் மாறிடுச்சு, அதனால வாடகைக் கடையில ஓடற கம்பெனிங்களுக்கு ஒரு துரும்பும் அசையாம எபிட்டா எகிறிச்சு. பழைய வருஷத்தோட ஒப்பிட்டுப் பாக்கறவங்க ஜாக்கிரதை.

கேஷ் ப்ளோ அறிக்கையில, அதாவது கைக்கு வந்த காசு, போன காசைக் காட்டற கணக்குல, தேய்மானத்தைத் திரும்பக் கூட்டியிருக்கிறதைப் பாத்துட்டு தேய்மானம் காசு கொண்டு வருதுன்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க. கொண்டு வராது, லாபத்துல இருந்து கழிச்சதைத் திரும்ப வைக்கிறாங்க, அவ்வளவுதான். அதுக்குக் கீழ முதலீடுங்கிற பகுதியில புது மெஷின் வாங்கின செலவு இருக்கும், அதையும் தேய்மானத்தையும் அஞ்சு வருஷத்துக்குப் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. வருஷா வருஷம் தேய்மானத்தை விட ரொம்ப அதிகமா செலவு பண்ணியும் உற்பத்தி ஏறலைன்னா, போட்டிருக்கிற ஆயுசு ஜாஸ்தின்னு எனக்கு சந்தேகம் வரும். அப்புறம் பழைய சொத்தை விக்கறப்ப தொடர்ந்து நஷ்டம் காட்டறாங்களான்னு பாக்கணும். லாபம் வந்தா தேய்மானத்தைத் தாராளமா எழுதியிருக்காங்க. நஷ்டமே வந்துட்டு இருந்தா இத்தனை வருஷம் கம்மியா எழுதியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

எங்கப்பா வண்டி ஞாபகம் வருது. 20 லட்சத்து வண்டி, 9 வருஷம், ஒவ்வொரு வருஷமும் மீதி இருக்கிறதுல 30 சதவீதம் கழிச்சு புக்ல 80 ஆயிரம் சொச்சம்தான் நின்னுச்சு. வியாபாரி வந்து டயரை உதைச்சுப் பாத்துட்டு 5 லட்சம் எண்ணி வச்சாரு. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், ஆடிட்டர் வரியைச் சொல்ற வரைக்கும். முன்னாடி தாராளமா கழிச்சதைத் திரும்பக் கேட்டாங்க, வேற ஒண்ணுமில்ல. அப்பா ஒரு வாரம் அந்த ஆடிட்டர் கூட பேசல.

மாமா லோன் என்னாச்சுன்னு கேப்பீங்க. நஷ்டக் கணக்கை வச்சுக்கிட்டு எப்படிப் போறதுன்னு அவருக்கு ஒரே கூச்சம், "10 வருஷம்னே போட்டுக் குடுக்கச் சொல்லட்டுமா மாப்ள, லாபமாவது தெரியும்"னாரு. வேண்டாம் மாமா, சும்மா போயிட்டு வாங்கன்னு அனுப்பினேன். பேங்க் மேனேஜர் அந்த 3 லட்சம் நஷ்டத்தை எடுத்தாரு, 12 லட்சம் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டினாரு, வட்டி 2.89-ஐக் கூட்டினாரு, 11.89 லட்சம் வந்துது. அதை வருஷ டியூ 9.74-ஆல வகுத்தாரு, 1.22. அவங்க பாக்கறது அந்த நம்பரைத்தான், டிஎஸ்சிஆர்னு சொல்லுவாங்க, கட்ட வேண்டிய டியூவுக்கு எத்தனை மடங்கு காசு வருதுங்கிற கணக்கு. ஆறு வருஷம்னு போட்டு லாபம் காட்டியிருந்தாலும் பத்து வருஷம்னு போட்டிருந்தாலும் கூட்டிக் கழிச்சா இதே 1.22 தான் வந்திருக்கும்.

மாமா போன்ல சொன்னாரு, "மேனேஜரு தேய்மானத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல மாப்ள. ஸ்டெப்னி டயர் எப்ப மாத்துனீங்கன்னு கேட்டாரு."