மாமல்லபுரம் ஒன்று, கன்ட்ரோல் இரண்டு: 300 கி.மீ. பிரெவே பாதை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி போய்த் திரும்பும் பிரெவேக்கு, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு, பாதை வகுப்பவர் அந்தச் சாலையைப் பகலில் மட்டும் பார்த்தால் போதாது. இரவு பத்துக்கு மேலும் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். பகலில் குறித்து வைத்த டீக்கடை அப்போது ஷட்டர் இறக்கியிருக்கும். கடைசியாக வருபவருக்குக் கிடைப்பது அந்த நேரத்துச் சாலைதான்.

சைக்கிள் ஓட்டுபவர் வழியில் வந்துபோனதைச் சரிபார்க்கும் இடம்தான் கன்ட்ரோல். அது திறந்து மூடும் நேரத்தின் கணக்கு எளிது. கன்ட்ரோல் திறக்கும் நேரத்துக்கு முதல் 200 கி.மீ. வரை மணிக்கு 34 கி.மீ., அதன்பின் 400 வரை 32. மூடும் நேரத்துக்கு 15. முதல் 60 கி.மீ.க்குள் மட்டும் 20 கி.மீ. வேகத்தில் கணக்கிட்டு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கிளம்பியதுமே பஞ்சரானவர் முதல் கன்ட்ரோலிலேயே நேரம் தவறிவிடுவார்.

காலை 6க்குத் திருவான்மியூரில் கிளம்புவதாக வைப்போம். மாமல்லபுரம் 45ஆவது கி.மீ. என்றால் 7:19க்குத் திறந்து 9:15க்கு மூடும். எல்லோரும் கும்பலாக வந்து சேருமிடம் இது. வந்ததற்குச் சான்றாக ஏடிஎம் ரசீது கேட்டால் வரிசை நீளும், பேப்பர் ரோலும் தீரும். இரண்டு தன்னார்வலர், முத்திரை, இங்க் பேட், தண்ணீர் கேன் போதும்.

திரும்பும்போது அதே ஊர் 255ஆவது கி.மீ. பகல் 1:36க்குத் திறந்து இரவு 11க்கு மூடும். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆளை உட்கார வைப்பது கொடுமை. ஒவ்வொருவராக வருவதால் இங்கே ஏடிஎம் ரசீதே சரி. பக்கத்திலேயே இன்னொரு ஏடிஎம் இருக்கட்டும். ஒன்று மக்கர் செய்யும். தேதி, நேரம், இடம் மூன்றும் அச்சாகிறதா என்று முன்பே ஒரு ரசீது எடுத்துப் பாருங்கள். அது இடப்புறம் இருப்பதும் முக்கியம். களைத்தவரை இருட்டில் சாலையைக் கடக்க வைக்கக் கூடாது.

புதுச்சேரியில், 150ஆவது கி.மீ.யில், கட்டாயம் கன்ட்ரோல் வேண்டும். இல்லாவிட்டால் யாராவது புதுச்சேரி வராமலே திரும்பிவிடலாம். அது 10:25க்குத் திறந்து மாலை 4க்கு மூடும்.

அதற்கு முன்னால் மரக்காணம். உப்பளப் பக்கம் நிழலே கிடையாது. மெதுவாக வருபவர் அங்கே இருப்பது உச்சி வெயிலில். ஆகவே கடையுள்ள இடத்தில் கேள்வி கன்ட்ரோல் வையுங்கள்: அங்கே போய்ப் பார்த்தவருக்குத்தான் விடை தெரியும்படி ஒரு கேள்வி. கேள்வி பிளெக்ஸ் பேனரைப் பற்றி இருக்கக் கூடாது, மறுநாளே மாறிவிடும். கட்டடத்தில் பொறித்த ஆண்டு போன்றது நிலைக்கும். திரும்பும் வழியில் இந்த வகை வேண்டாம். இருட்டிய பிறகு வருபவர் கல்வெட்டைத் தேடி அலைவார்.

மொத்த வரம்பு 20 மணி நேரம், அதாவது மறுநாள் அதிகாலை 2 மணி. முடிவிடத்தில் அதுவரை விளக்கும் ஆளும் இருக்கிறார்களா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.