டியூப்பின் மேல் எழுதியிருந்த பெயர்

"முழுநேர ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று அந்த அர்ப்பணிப்புக் கூட்டத்தில் கேட்டபோது நானும் எழுந்து நின்றேன். எனக்கு அப்போது 23 வயது. ரத்த வங்கியில் டெக்னீஷியனாகச் சேர்ந்து பத்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கண்ணீரோடுதான் நின்றேன், அதில் பொய் இல்லை. அந்த ஒப்புக்கொடுத்தலை இன்றுவரை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அது என்னை எங்கே கொண்டுபோகும் என்று நினைத்தேனோ, அங்கே கொண்டுபோகவில்லை.

அடுத்த இரண்டு வருடம் ஆய்வகத்தை நான் ஒரு பேருந்து நிறுத்தம் மாதிரிதான் பார்த்தேன். சம்பளம் வாங்குகிற இடம் இது, தேவன் எனக்காகக் காத்திருக்கிற இடம் வேறெங்கோ. யாராவது "என்ன பண்றீங்க?" என்று கேட்டால் "இப்போதைக்கு பிளட் பேங்க்ல இருக்கேன்" என்பேன். அந்த 'இப்போதைக்கு' என்னையறியாமல் வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை இரவுப் பணி. மறுநாள் வாலிபர் கூட்டத்தில் நான் செய்தி கொடுக்க வேண்டும். ஏசாயா 6ஆம் அதிகாரம். "இதோ, அடியேன் இருக்கிறேன்" என்பதுதான் தலைப்பு. குறிப்புத் தாள் கோட்டுப் பையில் மடித்து இருந்தது. இரண்டு யூனிட் ரத்தம் கேட்டு ஒரு சாம்பிள் வந்தது. ஏற்கெனவே பலமுறை ரத்தம் ஏற்றப்பட்ட நோயாளி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901-ல் ரத்தப் பிரிவுகளைக் கண்டு சொன்ன பிறகுதான் ரத்தம் ஏற்றுவது ஓரளவு பயமில்லாத காரியமானது. ஆனால் பிரிவு பொருந்தினால் மட்டும் போதாது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் உடம்பில், ஏற்றப்படும் அணுக்களைத் தாக்குகிற வேறுவகை எதிர்ப்பொருட்கள் (ஆன்டிபாடிகள்) உருவாகியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் கூம்ஸ் முறை என்கிற சோதனையில் கிராஸ் மேட்ச், அதாவது பொருத்தம், போட்டுப் பார்க்கிறோம். நோயாளியின் சீரத்தையும் கொடையாளியின் சிவப்பணுக்களையும் சேர்த்து 37 டிகிரியில் வைத்து, சலைனில் மூன்று தடவை கழுவி, ரீஏஜென்ட் என்கிற சோதனைத் திரவம் விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுப்போம். டியூப்பின் அடியில் அணுக்கள் சின்னப் பொட்டு மாதிரி படிந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்லச் சாய்க்கும்போது அந்தப் பொட்டு புகையாக இழைந்து கலைந்தால் ரத்தம் பொருந்துகிறது. மணல்மணலாக உடைந்தால் பொருந்தவில்லை. எதிர்வினை பலவீனமாக இருந்தால் அந்த மணல் மிகமிக நுண்மையானது. கொஞ்சம் வேகமாகக் குலுக்கினாலும் கலைந்துபோய், ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிடும்.

நான் குலுக்கிவிட்டேன். இரண்டு யூனிட்டும் பொருந்துகிறது என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, குறிப்புத் தாளை எடுத்து விரித்தேன்.

இப்படிப் பலமுறை ரத்தம் ஏற்றியவர் என்றால், இன்னொருவரும் தனியாகப் போட்டுப் பார்த்த பிறகுதான் எங்கள் பிரிவிலிருந்து பை வெளியே போகும். அன்று என்னோடு இருந்த சீனியர் அக்கா முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டார். முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க."

ஒரு டியூப்பில் இழைந்தது. இன்னொன்றில் மணல்.

"என்ன யோசனையில இருந்தீங்க?"

"நாளைக்கு மெசேஜ் இருக்குக்கா."

அவர் திட்டவில்லை. டியூப்பை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, "இந்தப் பேஷன்ட் பேரு என்ன?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விண்ணப்பத்தில் இருந்த பெயரையும் டியூப்பில் ஒட்டியிருந்த பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஆனாலும் சொல்ல வரவில்லை. அந்தப் பை ஏறியிருந்தால் ஏறிய அணுக்கள் உள்ளே உடைந்திருக்கும். காய்ச்சல், நடுக்கம், மஞ்சள் காமாலை, சிலருக்குச் சிறுநீரகம்வரை போகும்.

பணி முடிந்ததும் வார்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். வேறொரு யூனிட் தேடிப் போட்டு அனுப்பியிருந்தோம், அது சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அசந்து தூங்கினார். உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது. அவருக்கு என்னைத் தெரியாது, நடந்ததும் தெரியாது. அன்று கூட்டத்தில் நான் பேசவில்லை.

போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மனசு ஊழியத்தில் இருக்கிறது, அதனால்தான் இந்த வேலை ஓடவில்லை, விட்டுவிடலாம்" என்று அவரே சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தைத் திறந்து என்னையே வாசிக்கச் சொன்னார். தேவன் பெசலெயேலைப் பெயர்சொல்லி அழைத்து, தம்முடைய ஆவியினால் நிரப்புகிற இடம். வேதத்தில் 'தேவ ஆவியினால் நிரப்பினேன்' என்று முதன்முதலாக ஒருவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறது என்றால், அது இவனைப் பற்றித்தான். இவன் தீர்க்கதரிசி அல்ல, ஆசாரியனும் அல்ல. பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்யவும், கல் பதிக்கவும், மரம் செதுக்கவும் தெரிந்த கைவினைஞன். எத்தனையோ தடவை வாசித்துக் கடந்துபோன பகுதி. அன்றுதான் அதில் என் கை தெரிந்தது.

அதன்பிறகு தேடித்தேடி வாசித்தேன். துறவியாக இருந்த மார்ட்டின் லூதர், செருப்புத் தைக்கிறவர், கொல்லர், விவசாயி எல்லாரும் ஆசாரியராக அபிஷேகம் பெற்றவர்கள்தான், ஒவ்வொருவரும் தன் தொழிலால் மற்றவர்களுக்குப் பணிசெய்ய வேண்டும் என்று 1520-லேயே எழுதியிருக்கிறார். கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தில், எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்ற வசனம் இருக்கிறதே, அதைப் பவுல் யாருக்கு எழுதினார் என்று கவனித்தபோது திகைத்துப்போனேன். அடிமைகளுக்கு எழுதினார். தங்கள் வேலையைத் தாங்களே தெரிந்தெடுக்க வழியில்லாதவர்களுக்கு.

இந்த வசனத்தைக் காட்டி ஊழியர்களைக் கசக்கிப் பிழிகிறவர்களும் இருக்கிறார்கள். "இது வேலை இல்லை, அழைப்பு" என்று சொல்லி நர்ஸ்களை ஓய்வில்லாமல் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் நிற்க வைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது பாவம் என்றே சொல்வேன். அதே நிருபம் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே எஜமான்களைப் பார்த்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடக் கூடாது.

என்னோடு அதே வரிசையில் எழுந்து நின்ற நண்பன் வேலையை விட்டுவிட்டு மிஷனரியாகப் போனான். அவனுடைய அழைப்பும் உண்மையானது. அவன் போவதற்கு முன்பே சபையில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. கஷ்டத்தில் இருக்கிறவர்கள் தாமாகவே அவனைத் தேடி வருவார்கள். என்னைத் தேடி அப்படி யாரும் வந்ததில்லை. என்னிடம் புது டெக்னீஷியன்கள் வருவார்கள், "அண்ணா, இது பாசிட்டிவா நெகட்டிவான்னு பாருங்க" என்று. எனக்கு அழைப்பு அந்தக் கேள்வியின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. நான் வானத்திலிருந்து சத்தம் வரும் என்று காத்திருந்ததால் அது காதில் விழவில்லை.

'வீணாய்ப்போன வருடங்கள்' என்று யாராவது வருத்தப்பட்டால் டாக்டர் பால் பிராண்டைப் பற்றிச் சொல்வேன். 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ரத்தத்தைக் கண்டாலே ஆகாது என்று மருத்துவம் வேண்டாமென்றார். மிஷனரியாகப் போய் வீடு கட்டிக்கொடுக்கலாம் என்று கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொண்டார். பிறகுதான் மனம் மாறி மருத்துவம் படித்து, 1946-ல் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி வைத்து நிமிர்த்தினார். நிமிர்ந்த அந்தக் கைகளுக்குப் பிழைப்பு வேண்டுமென்று நோயாளிகளுக்கு மரவேலையும் கற்றுக்கொடுத்தார். அந்தத் தச்சுப் பட்டறை வருடங்களை யார் வீண் என்று சொல்வது?

வேலையில் சேர்ந்து இப்போது 20 வருடம் தாண்டிவிட்டது. டியூப்பை எடுத்ததும் லேபிளில் உள்ள பெயரை வாய்விட்டு ஒருமுறை படிப்பேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சரிபார்ப்பதற்காகப் படிக்கிறேன் என்று தோன்றும். அதற்காகவும்தான். பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மெதுவாகச் சாய்க்கிறேன்.

அந்த நண்பன் மாதத்துக்கு ஒருமுறை போனில் பேசுவான். அவன் பணித்தளத்தின் ஜெபக் குறிப்புகளைச் சொல்வான், நான் எழுதிக்கொள்வேன். முடித்ததும் "உன் பக்கம் சொல்லு" என்பான். நோயாளிகளின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. "இன்னைக்கு நாலு பேருடா. அதுல ஒருத்தருக்கு இன்னும் பொருந்துற ரத்தம் கிடைக்கல" என்பேன். "சரி, கண்ணை மூடு" என்பான்.