களி தெறித்த விடைத்தாள்

அந்தத் தாளைத் திருத்தி இரண்டு வருஷம் ஆகிறது. நான் போட்ட 2 மதிப்பெண் இன்னும் உறுத்துகிறது.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. சில எரிமலைகள் பயங்கரமாக வெடிப்பதும் சில அமைதியாக வழிவதும் ஏன் என்று 5 மதிப்பெண் கேள்வி. அவள் எழுதியது இவ்வளவுதான்: "ரசம் கொதித்தால் ஆவி சுலபமாகப் போய்விடும். களி கொதித்தால் ஆவி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் தெறித்துக் கையைச் சுடும். எரிமலையும் அப்படித்தான்." விடைக்குறிப்பில் சிலிகா (மணலில் இருக்கிற அதே பொருள்), பாகுத்தன்மை (குழம்பு எவ்வளவு கெட்டி என்பது) என்று இருந்தது. இரண்டு சொல்லும் அவள் தாளில் இல்லை.

தாள் கொடுத்த அன்று சாயங்காலம் வந்து நின்றாள். ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டு, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் மிளகளவு இருந்த தழும்பைக் காட்டினாள்.

"களி கிண்டறப்ப பட்டது டீச்சர். நான் எழுதுனது தப்புங்களா?"

"தப்பில்லம்மா. சிலிகான்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமில்ல?"

"சரிங்க டீச்சர்."

போய்விட்டாள். எனக்கும் சேலம் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அதைவிட்டால் மலையிறங்க இருட்டிவிடும். அடுத்த வருஷம் பொதுத்தேர்வு. எங்கேயோ உட்கார்ந்து திருத்துகிறவர் சொல்லைத்தான் தேடுவார், அவள் நல்லதற்குத்தான் சொன்னேன் என்று இருபது கொண்டை ஊசி வளைவும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆனால் விடைக்குறிப்பில் வாயு என்ற சொல்லே இல்லை. அவள் எழுதிய ஆவி அதுதானே! சிலிகா கூடினால் பாறைக்குழம்பு கெட்டியாகும், உண்மைதான். வெறும் கெட்டித்தன்மை வெடிக்காது. குழம்பு மேலேறும்போது அழுத்தம் குறைகிறது. அதில் கரைந்திருந்த நீராவியும் கரியமில வாயுவும் குமிழாகின்றன. இளகிய குழம்பில் குமிழி தப்பிவிடும். கெட்டியில் சிக்கி, கடைசியில் குழம்பையே சிதறடிக்கும். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலை 1980 மே 18இல் வெடித்து 57 பேர் இறந்தார்கள். அதே மலையில் 2004இலிருந்து 2008 வரை, வாயுவைப் பெரும்பாலும் இழந்துவிட்ட கெட்டிக் குழம்பு மெதுவாகப் பிதுங்கி மேடாக வளர்ந்தது. ஆவி போன களி தெறிக்காது என்பது அவளுக்கு அடுப்படியிலேயே தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அமைதியான வகையில் ஆபத்து குறைவு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ஐஸ்லாந்தின் லாக்கியில் 1783 ஜூனில் நிலம் நீளமாகப் பிளந்து, எட்டு மாதம் பெரும்பாலும் லாவாவாகவே வழிந்தது. கூடவே வந்த கந்தக, ஃபுளூரின் வாயுக்கள் புல்லை நஞ்சாக்கின. ஆடுமாடுகளில் பாதிக்கு மேல் செத்தன. பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாண்டார்கள். அமைதி என்று எந்த வாயால் சொன்னேனோ தெரியவில்லை. பாடத்தில் அப்படித்தான் பிரித்திருக்கிறது, வழிகிற விதத்தை வைத்துப் பிரித்தது தப்பும் இல்லை. விளைவையும் அதோடு சேர்த்துச் சொன்னது என் வேலை.

இன்றைக்கு அந்தத் தாள் வந்தால் 4 போடுவேன். 5 போட இப்போதும் கை வராது. களி ஏன் களியாக இருக்கிறது, ரசம் ஏன் ரசமாக இருக்கிறது என்பதற்குப் பதில் சிலிகாதான். அதை அவள் எழுதவில்லை. அன்றைக்கு ஸ்வெட்டர் கையை இழுத்துக்கொண்டு நின்றவளிடம் அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. நான் கேட்கவில்லை.