சேற்றுப்புண்ணுக்கு நாலு வாரம்

போன வருடம் ஐப்பசியில் ஒரு ராத்திரி மாமாவுக்குக் குளிர்ஜுரம் தூக்கிப்போட்டது. மழைதான் காரணம் என்று கசாயம் வைத்துக் கொடுத்தோம். விடியும்போது இடது கால் முழங்கால் வரைக்கும் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது. அந்த மழையிலேயே கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் கொண்டுபோனோம். மருத்துவமனையில் டாக்டர் வீக்கத்தைப் பார்த்த கையோடு பாதத்தைத் தூக்கி, சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் பிரித்துக் காட்டினார். உள்ளே தோல், தண்ணீரில் நனைந்த அப்பளம் மாதிரி வெளுத்துப்போய், நடுவில் நூல் கனத்துக்கு ஒரு வெடிப்பு. "கிருமி உள்ளே போன வழி இதுதான்" என்றார்.

செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கு அடியில் கிருமி பரவி வீங்குவது. மாமாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஐந்து நாள் ஊசி போட்டு வீட்டுக்கு வந்தார். அந்த வெடிப்பு இரண்டு மாதமாக இருந்திருக்கிறது. "சேத்துப்புண்தானே மாப்ள" என்று சொல்லாமலே இருந்துவிட்டார்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபியும் மிளகும். மழைக்காலத்தில் காலை ஏழு மணிக்குக் கம்பூட்ஸ் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவோம். காலுறையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அதனால் சேற்றுப்புண் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்தப் பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. புண்ணுக்குக் காரணம் சேறு இல்லை, பூஞ்சை. உடம்பில் படர்தாமரை உண்டாக்குகிற அதே கூட்டம். தோலிலும் நகத்திலும் இருக்கிற கெராட்டின்தான் அதற்குச் சாப்பாடு. ஈரமும் மூடிய பூட்ஸும் அதற்கு இடம் செய்து கொடுக்கின்றன. சேறே மிதிக்காமல், நாள் முழுக்க ஷூ போட்டு வேலை செய்கிறவர்களுக்கும் இது வரும்.

எனக்கும் வந்தது, மாமாவுக்கு முந்தைய வருடம். மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்டேன், கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு போச்சு. நிறுத்தினேன், திரும்ப வந்தது. மறுபடி போட்டேன். மூன்றாவது டியூப் முடியும்போது விரல் இடுக்கில் இருந்தது புறங்கால் வரைக்கும் படர்ந்துவிட்டது.

தோல் டாக்டர் அந்த டியூபைக் கொண்டுவரச் சொல்லி, பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார். பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்த கலவை. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடும், கூடவே பூஞ்சையை எதிர்க்கிற உடம்பின் சக்தியையும் அடக்கும். மேலே அமைதி, கீழே பூஞ்சை பாட்டுக்கு வளரும். இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. எனக்கு யாரும் சீட்டு கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

பிளேடால் ஓரத்துத் தோலை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் மருந்து எழுதினார். க்ளோட்ரிமாசோல் 1 சதவீத கிரீம், காலையும் ராத்திரியும், நாலு வாரம். டெர்பினாஃபின், லுலிகோனசோல் போன்றவை இன்னும் குறைந்த நாளில் கேட்கும். ஆனால் டெர்பினாஃபினுக்கு அடங்காத பூஞ்சை நம் நாட்டில் இப்போது பரவியிருக்கிறது. எது யாருக்கு என்று டாக்டர் பார்த்துச் சொல்வதுதான் சரி. நகத்துக்குள் போய் நகம் தடித்து மஞ்சளானால் கிரீம் மட்டும் பெரும்பாலும் போதாது, மாத்திரை தேவைப்படலாம். அதுவும் அவர் கையில்தான்.

போடுகிற விதத்தில்தான் பாதி வைத்தியம். ராத்திரி காலைக் கழுவி, பழைய வேட்டித் துண்டை நாடா மாதிரி கிழித்து ஒவ்வொரு இடுக்கிலும் நுழைத்துத் துடைப்பேன். பத்து நிமிடம் காற்றாட விடுவேன். அப்புறம் கிரீம், கொஞ்சமாக, புண்ணைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலிலும் சேர்த்து. பிசுபிசுவென்று அப்பினால் இடுக்கு மறுபடி ஊறும். காலுறையைச் சுடுதண்ணீரில் துவைத்தோம். பூட்ஸ் இரண்டு ஜோடி வாங்கி, ஒன்று காலில் இருக்கும்போது இன்னொன்றைக் குச்சியில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன்.

ஒன்பதாம் நாள் அரிப்பு சுத்தமாக நின்றது. நான் போன தடவை ஏமாந்தது இந்த இடத்தில்தான். தினசரி காலண்டரில் தேதியைக் கிழிக்கும்போது பின்பக்கம் ஒரு கோடு போட்டு, இருபத்தெட்டு வரைக்கும் எண்ணினேன். இப்போது மாமாவின் கால் இடுக்கைத் தினமும் ராத்திரி டார்ச் அடித்துப் பார்ப்பதும் என் வேலை.

கார்த்திகையில் காபிப் பழம் பறிக்க வந்தவர்களில் ஆறு பேருக்குச் சேற்றுப்புண் இருந்தது. ஏற்காட்டில் டாக்டரிடம் கூட்டிப்போய் ஆளுக்கு ஒரு டியூப் வாங்கிக் கொடுத்தேன். "மருதாணி அரைச்சு வெச்சா போதாதா தம்பி?" என்று ஒரு அக்கா கேட்டார். அவர் அம்மா அப்படித்தான் ஆற்றினாராம். நான் மருதாணியைக் குறை சொல்லவில்லை. வெடித்த இடுக்கில் ஈர விழுதை வைத்துக் கட்டினால் ஈரத்தின் மேல் ஈரம்தானே அக்கா என்றேன். யோசித்துவிட்டு டியூபை வாங்கிக்கொண்டார்.

பதினோராம் நாள் வந்து சொன்னார்: "அரிப்பு நின்னுருச்சு தம்பி. மிச்சத்தை பேத்திக்கு வெச்சுக்கறேன்." டியூபை வாங்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் இருந்தது. இன்னும் பதினேழு நாள் உங்களுக்குத்தான் அக்கா, பேத்திக்கு வந்தால் டாக்டரிடம் காட்டி வேற வாங்கலாம் என்று அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.