அன்றன்றைக்கு அளந்து தரும் கிருபை

எங்கள் மெதடிஸ்ட் சபையில் சாட்சி நேரம் வந்தால் பெரிய காரியங்கள்தான் பேசப்படும். கட்டி கரைந்தது, கேஸ் ஜெயித்தது, மகனுக்கு யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது. எல்லாம் தேவன் செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் “இன்றைக்கும் யார்மேலும் எரிந்து விழாமல் சோறு பொங்கினேன், ஸ்தோத்திரம்” என்று ஒருவரும் மைக்கைப் பிடித்துச் சொன்னதில்லை. எனக்குச் சொல்ல இருப்பதோ அவ்வளவுதான்.

அம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் மர வரிசையான நிரையில் இறங்கிவிடுவார். விடியலுக்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். அப்போது வெட்டினால்தான் பால் பிடிக்கும் மங்கு நிறையும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். மழை பெய்தால் அன்றைக்கு வேலையே கிடையாது. நாளைக்கும் சேர்த்து இன்றே வெட்டிவைக்க முடியாது.

வேதத்தில் யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் வானத்திலிருந்து தந்த உணவான மன்னாவைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அம்மாவின் நிரைதான் என் கண்ணில் நிற்கும். அங்கேயும் காலையில்தான் சேர்க்க வேண்டும், தலைக்கு ஒரு ஓமர் என்ற அளவு. வெயில் ஏறினால் உருகிப்போகும். மறுநாளுக்கு மீதி வைத்தால் புழுத்து நாறும். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாகக் கிடைக்கும். இப்படியே 40 வருஷம்! கையிருப்பே இல்லாமல் ஒரு ஜனம் அத்தனை காலம் சாப்பிட்டிருக்கிறதே, செங்கடல் பிளந்ததைவிட எனக்கு இதுதான் பெரிய அற்புதம்.

என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அடுத்த மாதத்துக்கானதை இந்த மாதமே செய்துவைக்க வழியில்லை. அடுத்த மாதத்துக்கு வேண்டிய பொறுமையும் இன்றைக்கே கைக்கு வராது. குடிக்கிற தண்ணீர் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கி எடையாக ஏறும் என்பதால், அவருக்குத் தண்ணீரும் அளவுதான். அதை அளந்து ஊற்றும்போது அவர் முகம் சுருங்கும், எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அந்த நேரத்தில் “ஆண்டவரே, இந்த ஒரு டம்ளருக்கு மட்டும்” என்று கேட்பேன். பெரும்பாலும் கிடைக்கும்.

“என் கிருபை உனக்குப் போதும்” என்ற வசனத்தைக் காலண்டரில் பூப்படத்தோடு அச்சடிக்கிறார்கள். அப்போஸ்தலன் பவுல், தன் மாம்சத்தில் ‘முள்’ என்று அவர் சொன்ன உபத்திரவம் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டபின் வந்த பதில் அது. முள் எடுபடவில்லை. பூவுக்குப் பதில் முள்ளையே போட்டிருக்கலாம்.

போன வாரம் சபையிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். “தம்பி, முழு சுகம் கிடைக்கணும்னு விசுவாசத்தோட கேளுங்க” என்றார்.

இவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அதையும் கேளுங்கக்கா. அப்புறம், திங்கக்கிழமைக்குள்ள ரெண்டு கிலோவுக்கு மேல எடை ஏறக்கூடாதுன்னும் கேளுங்க. நேத்து சாம்பார் கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு.”